இந்தோனேசியாவின் விடுதலையும் மொழியும்

ஒரு தேசம் சுதந்திரம் பெற்ற வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் சிறைச்சாலையிலும் போர்க்களத்திலும் மகாநாட்டு மேசையிலும் நடந்தவற்றையே சொல்லி அமைவர். கொடி மாறிய நாள் அவர்தம் நூலின் கடைசி அத்தியாயமாகும். ஆயினும் கொடி மாறுவதற்கு நெடுநாட்களுக்கு முன்னரே அந்நாட்டு மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்வது, தம்முள் எம்மொழியிற் பேசிக்கொள்வது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டிருத்தல் வேண்டும். பெரும்பாலான தேசங்களில் அவ்விடை எப்பொழுது, எவரால் காணப்பட்டதெனச் சுட்டிக் காட்டல் இயலாது. ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடிச் சென்றவர் ஈரமண்ணை மட்டும் கண்டு திரும்புவதுபோல அம்முயற்சி முடியும். இந்தோனேசியாவிலோ அதற்கு நாளும் இடமும் உண்டு. 1928-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில், மாணாக்கர் தங்கியிருந்த ஒரு வீட்டில் அது நடந்தது. செய்தோரும் மாணாக்கரே. ஆதலின் நம் கலாசாலை மலரில் அதனை ஆராய்தல் பொருந்துமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் நாட்டின் நிலையைச் சிறிது அறிதல் நலம். சுமத்திரா, ஜாவா, போர்னியோ, செலிபிஸ் முதலிய பெருந்தீவுகளும், பாலி, அம்போன் முதலிய எண்ணிறந்த சிறுதீவுகளும் ஒல்லாந்தரின் ஆட்சியில் ஒருங்கு சேர்ந்தன. 1602-இல் தோன்றிய அவர்களுடைய வர்த்தகக் கம்பெனி கிராம்பும் ஜாதிக்காயும் தேடி வந்து, 1619-இல் பத்தேவியாவைத் தலைநகராக்கி, ஈற்றில் நாட்டையே கைக்கொண்டது. 1830 முதல் ஜாவாக் குடியானவர் தம் நிலத்தில் ஐந்திலொரு பங்கை அரசாங்கம் விரும்பிய அவுரிக்கும் கரும்புக்கும் ஒதுக்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சட்டத்தில் ஐந்திலொன்று, நடைமுறையிற் பல இடங்களில் அதனினும் மிகுதி. அதன் கொடுமையை முல்தாத்தூலி என்னும் புனைபெயருடைய ஒல்லாந்த உத்தியோகஸ்தர் ஒருவர் 1860-இல் ‘மாக்ஸ் ஹாவெலார்’ என்ற நவீனத்தில் எழுதி வெளியிட, ஒல்லாந்தரின் மனச்சாட்சி சற்றே உறுத்தத் தொடங்கியது. 1901-இல் வில்ஹெல்மினா அரசி தமது சபை உரையில், குடியேற்ற நாட்டு மக்களுக்கு ஒல்லாந்து ஓர் அறக்கடன் பட்டிருக்கிறது என்னும் கருத்தை அறிவித்தார். அதன்பின் பள்ளிகள் சில பெருகின. ஆனால் எத்தனை? 1930-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டில் ஏறக்குறைய ஆறு கோடி மக்கள். சுதேசிகளில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு.

இச்சிறு கூட்டத்திலும் டச்சு மொழியைக் கற்றோர் மிகச் சிலர். அச்சிலரிடமிருந்தே விழிப்பு உண்டாயிற்று. அவ்விழிப்பு ஆண்டவரின் மொழியிலேயே பேசிற்று என்பதுதான் விந்தை. ஜபாரா என்னும் ஊரின் அதிகாரியான ஒரு பிரபுவின் மகள் கார்த்தினி, 1879-இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதளவில் வழக்கப்படி வீட்டினுள் அடைக்கப்பட்டுத் தம் ஒல்லாந்தத் தோழியருக்குக் கடிதம் எழுதியே மனத்தை ஆற்றிக்கொண்டார். பெண்கல்வியையும் பலதார மணத்தின் கொடுமையையும் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் அனைத்தும் டச்சு மொழியில் அமைந்தவை. 1904-இல், மகனைப் பெற்ற சில நாட்களில், இருபத்தைந்தாம் வயதில் அவர் மரித்தார். 1911-இல் கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அவருடைய சொந்த நாட்டார் மலாய் மொழியில் அவற்றைப் படிக்க 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வாறே 1913-இல், நெப்போலியனின் ஆதிக்கத்தினின்று தாம் விடுபட்ட நூறாம் ஆண்டை ஒல்லாந்தர் ஜாவாவிற் கொண்டாட முற்பட்டு, அதற்குச் சுதேசிகளிடமும் நன்கொடை கேட்டபொழுது, சுவர்த்தி சூரியனிங்ராட் என்னும் இளைஞர், தாம் ஓர் ஒல்லாந்தராயிருப்பின் அடிமைப்பட்டவர் நாட்டில் விடுதலை விழாக் கொண்டாட நாணியிருப்பேம் என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் டச்சு மொழியிலேயே எழுதப்பட்டது. அதற்காக அவரை நாடு கடத்தினர். கடத்திய இடமோ ஒல்லாந்து தேசம்! அங்கே அவர் கல்விமுறைகளைக் கற்றுத் திரும்பினார். அவரைப் பின்னர்ச் சந்திப்போம்.

1908-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பத்தேவியா வைத்தியக் கல்லூரி மாணாக்கர் ‘புடி உத்தமோ’ என்ற சங்கத்தை நிறுவினர். புத்தி, உத்தமம் என்னும் நமக்குப் பழகிய சொற்களே அப்பெயரில் உள்ளன. ஆனால் அது ஜாவானியரைப் பற்றியே சிந்தித்தது. அடுத்துத் தோன்றிய மாணவர் சங்கங்களும் அவ்வாறே தீவுக்கொன்றாக, இனத்துக்கொன்றாக எழுந்தன: யோங் ஜாவா, யோங் அம்போன், யோங் பத்தாக், சுமத்திர இளைஞர் சங்கம் எனப் பல. ‘யோங்’ என்பது இளமை குறிக்கும் டச்சுச் சொல். பெயரிலேயே எசமானரின் முத்திரை. அக்காலத்து இளைஞர் ஒருவருக்குத் தாயகம் எதுவெனக் கேட்டால் என்ன விடை வந்திருக்கும்? சுமத்திராவில் 1903-இல் பிறந்த முகம்மது யமின் என்பாரே சான்று. அவர் 1920-இல் ‘தானா ஆயர்’ என்றொரு கவிதை எழுதினார். தானா என்பது மண், ஆயர் என்பது நீர். மண்ணும் நீருமாகிய இரண்டையும் சேர்த்துத் தாயகம் என்பது அத்தீவினரின் வழக்கு. கடல் சூழ்ந்தோர்க்கு அதுவே தகும். ஆனால் அக்கவிதையில் அவர் பாடிய மண்ணும் நீரும் சுமத்திராவினுடையவை மட்டுமே. எட்டு ஆண்டுகளின் பின் 1928-இல் அவரே மீண்டும் தாயகத்தைப் பாடியபோது அதன் பெயர் இந்தோனேசியா ஆகிவிட்டது. ஒரே மனிதருள் நிகழ்ந்த இவ்வெட்டாண்டு மாறுதலே நாம் காணவிரும்பும் பொருளாகும்.

‘இந்தோனேசியா’ என்ற பெயரும் அயலார் தந்ததே. லோகன் என்ற ஸ்காட்லாந்தியர் 1850-இல் தீவுக்கூட்டத்தைக் குறிக்கப் பூகோளப் பெயராக அதனை வழங்கினார். பாஸ்தியன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1884 முதல் வெளிவந்த தம் நூலினாற் பரப்பினார். ஒல்லாந்து தேசத்திற் கல்வி கற்ற மாணாக்கரே அதற்கு உயிரூட்டினர். ‘இந்தியச் சங்கம்’ என்னும் பொருளில் 1908-இல் தோன்றிய அவர்களுடைய கழகம் 1922-இல் இந்தோனேசியச் சங்கமென மாறியது. அவர்களது பத்திரிகை 1924-இல் ‘இந்தோனேசியா மெர்டேக்கா’, அதாவது சுதந்திர இந்தோனேசியா எனப் பெயர் பூண்டது. அக்கழகத்தின் தலைவரான ஹத்தா 1927-இல் சிறைப்பட்டு, 1928 மார்ச்சில் ஹேக் நகர நீதிமன்றத்தில் நெடியதோர் எதிர்வாதம் புரிந்து விடுதலையடைந்தார். அவ்வாதமும் டச்சு மொழியிலேயே இருந்தது.

இனி மொழிக்கு வருவோம். மூன்று வழிகள் அவர்கள் முன் இருந்தன. டச்சு மொழி கற்றோருக்கு எளிது. ஆயினும் ஆளப்படுவோருக்குத் தம் மொழியைப் பரப்புவதில் ஒல்லாந்தர் ஆர்வம் காட்டவில்லை. குறைவாகக் கற்றவர் குறைவாகக் கேட்பார் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். இரண்டாவது ஜாவானிய மொழி. நாட்டு மக்களிற் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பேசுவது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியச் செல்வம் உடையது. இராமாயணமும் பாரதமும் அதிற் பாடப்பெற்றுள்ளன. ஆனால் அதிற் பேசுவோரின் தகுதிக்கேற்பச் சொல்லே மாறும். உண்ணுதல் என்ற ஒரு செயலுக்கே, சமமானோரிடம் ஒரு சொல், மரியாதைக்குரியோர் முன் ஒரு சொல், பெரியோர் உண்பதைக் குறிக்க வேறொரு சொல் என மங்ஙான், நெட, தாஹார் என மூன்று உள. நீ, நீர், தாங்கள் என்று நாம் பேசவில்லையா எனின், நம்மிடம் சில சொற்களும் விகுதிகளும் மட்டுமே மாறுகின்றன. அங்கே வாக்கியம் முழுவதுமே உடைமாற்றிக் கொள்ளும். எதிரே நிற்பவர் மேலவரா கீழவரா என்று அறியாமல் வாய்திறக்க இயலாத மொழியிற் சரிநிகர் குடிமக்களாக வாதாடுவது எங்ஙனம்?

மூன்றாவது மலாய். அதனைத் தாய்மொழியாக உடையோர் சிறுபான்மையினரே. ஆனால் பல நூற்றாண்டுகளாக அத்தீவுகளின் துறைமுகங்கள் யாவற்றிலும் அதுவே பொதுமொழி. அம்போன் மீகாமனும் சீன வணிகனும் குஜராத்தியும் தமிழனும் கடைத்தெருவிற் சந்தித்தால் மலாயிலேயே விலை பேசினர். நம்மவர் அங்கே விட்டு வந்த சொற்கள் இன்றும் வழங்குகின்றன: கப்பல் ‘கபால்’ ஆகவும், கடை ‘கெடை’ ஆகவும், வணிகனின் முதல் ‘மோடால்’ ஆகவும், மாளிகை ‘மஹ்லிகை’ ஆகவும் உருமாறி நிற்கின்றன. கிறிஸ்தவ ஊழியரும் இதனை முற்பட உணர்ந்திருந்தனர். மத்தேயு சுவிசேஷம் 1629-இலேயே மலாயில் அச்சேறியது. லைடெக்கரின் மொழிபெயர்ப்பில் வேதாகமம் முழுவதும் 1733-இல் நிறைவுற்று வெளிவந்தது. ஒல்லாந்த அரசாங்கமும் சுதேசி அதிகாரிகளோடு மலாயிலேயே கடிதப் போக்குவரத்து நடத்திற்று. 1901-இல் அதற்கு எழுத்துமுறை வகுத்தது. 1917-இல் ‘பாலாய் புஸ்தகா’ என்ற நூல்வெளியீட்டு நிலையத்தை நாட்டி மலாய்க் கதைகளை ஊர்தோறும் பரப்பியது. ஆட்சிக்கு வசதியாக அவர்கள் நீரூற்றிய செடியே பின்னர் அவர்தம் மதிலைப் பிளந்தது.

1926-இல் நடந்த முதல் இளைஞர் மகாநாட்டில் யமின், பொதுமொழியாவதற்கு ஜாவானியம், மலாய் இரண்டுமே தகுதியுடையன, எனினும் மலாயே வெல்லும் என்ற கருத்தைக் கூறினார். தீர்மானத்தை எழுதுங்கால், மலாய் என்னும் சொல்லை வைக்க அவர் முற்பட, தலைவராயிருந்த தப்ரானி என்ற மதுராத் தீவினர் மறுத்தார். நாட்டின் பெயர் இந்தோனேசியா, மக்களின் பெயர் இந்தோனேசியர், மொழியின் பெயர் மட்டும் ஏன் ஓர் இனத்தின் பெயராக இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். அன்றைக்கு ‘இந்தோனேசிய மொழி’ என்று ஒன்றுமில்லை. இல்லாத ஒன்றுக்குப் பெயரிட்டுப் பின் அதனை உண்டாக்குவதா என்று யமின் தயங்கியது இயல்பே. தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு சொல்லைப் பற்றிய இச்சிறு பிணக்கை வரலாற்று நூல்கள் சில ஓரிரு வரிகளிற் கடந்து செல்கின்றன. அதுவே இவ்வரலாற்றின் கழுத்து என்பது நம் கருத்து. தப்ரானி தோற்றிருப்பின் ஜாவானியரும் பாலியரும் பத்தாக்கரும் அயல் இனத்தாரின் மொழியைச் சுமப்பதாகவே உணர்ந்திருப்பர்.

இரண்டாம் மகாநாடு 1928 அக்டோபர் 27, 28 ஆகிய நாட்களில் மூன்று இடங்களிற் கூடியது. முதல் அமர்வு கத்தோலிக்க இளைஞர் சங்கக் கட்டடத்திலும், இரண்டாவது ஒரு சினிமாக் கொட்டகையிலும், இறுதி அமர்வு கிராமாட் வீதி 106-ஆம் எண்ணுள்ள மாணவர் விடுதியிலும் நடந்தன. தலைவர் சுகொண்டோ, காரியதரிசி யமின், பொக்கிஷதாரர் அமீர் ஷரிபுத்தீன் என்ற பத்தாக் இன மாணாக்கர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மண்டபத்தில் ஒல்லாந்தப் பொலீசாரும் அமர்ந்திருந்தனர். ‘மெர்டேக்கா’ என்னும் சொல்லை எவரும் உச்சரிக்கலாகாதென்பது அவர்கள் கண்டிப்பு. அச்சொல்லின் வரலாறு சுவையுடையது. மகர்த்திகம் என்ற சமஸ்கிருதச் சொல்லினின்று பிறந்து, பதினேழாம் நூற்றாண்டில் பத்தேவியாவில் விடுதலை பெற்ற கிறிஸ்தவ அடிமைகளைக் குறிக்க வழங்கியது. அவ்வடிமைகளிற் பலர் வங்காளம், சோழமண்டலம், மலையாளக் கரைகளினின்று கொண்டுபோகப்பட்டவர் வழிவந்தோர். ஒல்லாந்தரே தம் பதிவேடுகளில் எழுதி வந்த சொல்லை முந்நூறு ஆண்டு கழித்து ஒல்லாந்தப் பொலீசார் அஞ்சினர்!

தலைவர் மலாயிலேயே கூட்டத்தை நடத்த முயன்றார். முயன்றார் என்றே சொல்லவேண்டும். பேசியோருட் சிலர் டச்சு மொழியிலேயே பேசினர். டச்சு மொழியிற் சட்டமும் வைத்தியமும் கற்று, வீட்டில் ஜாவானியமோ சுந்தானியமோ பேசி வந்த அவ்விளைஞருக்கு மலாய் கடைத்தெரு மொழியாகவே பழகியிருந்தது. தாம் தடுமாறும் ஒரு மொழியையே தம் மொழியாக அறிவிக்க அவர்கள் கூடியிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவர் சொற்பொழிவாற்றிக் கொண்டிருக்கையில், யமின் ஒரு துண்டுக் காகிதத்தில் தீர்மானத்தை எழுதித் தலைவரிடம் நகர்த்தினார் என்று கூறுவர். இறுதி அமர்வில் சுப்ரத்மான் என்னும் பத்திரிகையாளர் வயலின் எடுத்துத் தாம் இயற்றிய ‘இந்தோனேசியா ராயா’ கீதத்தை இசைத்தார். பொலீசாருக்கு அஞ்சிச் சொற்களை விட்டுவிட்டு இசையை மட்டும் மீட்டுமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். ஒரு தேசத்தின் கீதம் முதன்முதல் மேடையேறியபோது வாய்பேசாமலே ஏறிற்று. சுப்ரத்மான் 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-இல் இறந்தார். அவரது கீதம் தேசிய கீதமாகும் விடுதலைப் பிரகடனம் அதற்குச் சரியாக ஏழாண்டு கழித்து அதே நாளில் வந்தது.

தீர்மானத்தின் மூன்று கூறுகளைக் கவனிப்போம். முதலாவது, தமக்குத் தாயகம் ஒன்றே, அது இந்தோனேசியா என்பது. இரண்டாவது, தாம் ஒரே ‘பங்சா’ என்பது. நம் வம்சம் என்ற சொல்லே அது. மூன்றாவதும் அதுபோல மொழி ஒன்றே என்று முடியுமென நாம் எதிர்பார்ப்போம். அங்ஙனம் முடியவில்லை. ஒற்றுமைக்குரிய ‘பஹாசா’வாகிய, அதாவது பாஷையாகிய, இந்தோனேசிய மொழியைத் தாம் ‘மென்ஜுன்ஜுங்’ செய்வதாகவே அது கூறுகிறது. அவ்வினைக்குத் தலையிற் சுமத்தல் என்பது பொருள். சிரமேற்கொள்ளுதல் என்று நாம் சொல்வதோடு அது முற்றும் ஒக்கும். தாய்மொழிகளை விடச் சொல்லவில்லை. ஒன்றைத் தலைமேல் வைத்தனர், மற்றவை நாவில் இருந்தன. இத்தீர்மானத்தை ‘இளைஞர் சபதம்’ என்பது பிற்கால வழக்கு. அன்றைய குறிப்புகளில் அது மகாநாட்டு முடிவு என்றே உள்ளது. கூடியிருந்தோர் தாம் சபதமேற்பதாக எண்ணியிருக்கவில்லை போலும்.

முடிவு செய்தாயிற்று; மொழியை ஆக்குவது யார்? இங்கேதான், நாம் முன்னர் விட்டு வந்த சுவர்த்தி திரும்ப வருகிறார். அவர் 1922-இல் யோக்யகர்த்தாவில் ‘தாமான் சிஸ்வா’ என்ற பள்ளியைத் தொடங்கினார். சிஷ்யர் சோலை என்று அதனைத் தமிழாக்கலாம். பின்னர்த் தம் பிரபுக் குலப் பெயரை நீக்கிக் கி ஹஜார் தேவந்தரா என்று பெயர் பூண்டார். 1927-இல் ஜாவா சென்ற இரவீந்திரநாத தாகூர் அப்பள்ளியையும் கண்டார். அரசாங்க மானியம் வேண்டாமென்பது அதன் கொள்கை. மானியம் பெற்று வளர்ந்த கலாசாலைகளைச் சேர்ந்த நமக்கு அது சிந்தித்தற்கு உரியது. 1932-இல் அரசாங்கம், அனுமதி பெறாமல் எவரும் தனிப்பள்ளி நடத்தவோ அதிற் கற்பிக்கவோ கூடாதென ஒரு சட்டம் பிறப்பித்தது. தேவந்தரா ஆளுநருக்குத் தந்தி அனுப்பி, சாத்வீக முறையில் எதிர்ப்போம் என்று அறிவித்தார். முஸ்லிம் சங்கங்களும் தேசீயவாதிகளும் ஒருங்கே துணைநின்றனர். சில மாதங்களில், 1933-இல், சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பள்ளி ஆசிரியர் பெற்ற இவ்வெற்றி சிறிதன்று.

அதே 1933-இல் தக்தீர் அலிஷாபனா, அர்மின் பானே, அமீர் ஹம்சா ஆகிய மூவர் ‘புஜங்க பாரு’, அதாவது புதுப்புலவர், என்ற மாத இதழைத் தொடங்கினர். இதன் சந்தாதாரர் தொகை சிறிதே, பயனோ பெரிது. 1935 முதல் இவ்விதழிலும் பிறவற்றிலும் பண்பாட்டைப் பற்றி ஒரு பெரும் வாதம் நிகழ்ந்தது. தக்தீர், பழைய ஜாவாவும் போரோபுதூரும் இறந்துபட்டன, அவை இந்தோனேசியம் ஆகா, மேனாட்டின் அறிவுத் துடிப்பைக் கைக்கொண்டாலன்றி நமக்கு உய்வில்லை என்றார். இந்தியா சென்று வந்த கவிஞர் சனூசி பானே, மேனாட்டின் பௌஸ்தையும் கீழ்நாட்டின் அர்ச்சுனனையும் இணைப்பதே நெறி என்றார். தேவந்தராவோ வேரில்லாத மரம் காற்றுக்கு நில்லாது என்ற நிலையை எடுத்தார். நம்மிடையிலும் இவ்வாதம் ஓய்ந்ததில்லை. தக்தீரின் பக்கம் வேகம் மிகுதி; ஆயினும் இறந்ததென்று அவர் தள்ளிய அர்ச்சுனன் கதை ஜாவாவின் நிழற்கூத்தில் இரவுதோறும் விடியும்வரை நடந்து கொண்டிருந்ததை அவர் சற்றே மறந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

மொழிக்கு எதிர்பாராத துணை ஜப்பானியரால் வந்தது. 1942 மார்ச்சில் ஒல்லாந்தர் சில நாட்களிற் சரணடைந்தனர். ஜப்பானியர் டச்சு மொழியைத் தடுத்தனர். தம் மொழியை உடனே கற்பிக்கவும் இயலவில்லை. ஆகவே பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் யாவும் ஒரே நாளில் இந்தோனேசிய மொழிக்கு மாற நேர்ந்தது. நேற்று வரை டச்சு மொழியில் இரசாயனம் கற்பித்த ஆசிரியர் இன்று அமிலத்துக்கும் உப்புக்கும் சொல் தேடினார். 1942 அக்டோபரில் அமைந்த மொழிக்குழு ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை வகுத்தது. அதன் காரியதரிசி தக்தீரே. இதனைச் சொல்லும்பொழுது, அதே ஜப்பானியர் இலட்சக்கணக்கான குடியானவரை ‘ரோமூஷா’ என்னும் கட்டாயக் கூலிகளாக இருப்புப்பாதைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஓட்டிச் சென்றதையும், மீளாதவர் மிகப்பலர் என்பதையும் உடன் சொல்லாவிடில் நாம் நேர்மையற்றவராவோம்.

1945 ஆகஸ்டு 17 காலையில் சுகர்ணோ, ஹத்தா பெயரால் இரண்டே வாக்கியங்களில் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஒல்லாந்தர் திரும்பி வந்ததும், நான்காண்டுப் போரும் பேச்சும் நடந்ததும், 1949 டிசம்பர் 27-இல் ஆட்சியுரிமை ஒப்படைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. 1945 நவம்பரிற் சூரபாயா நகரில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் அவ்விளைஞரை எதிர்த்துப் போரிட்டவர் பெரும்பாலும் இந்தியப் படைவீரரே என்பது நமக்கு இனிய நினைவன்று. 1949 ஜனவரியில் நேரு புதுடில்லியில் இந்தோனேசியாவுக்காகப் பல நாட்டு மகாநாட்டைக் கூட்டியது அக்கணக்கின் மறுபக்கம். இத்தனைக்கும் நடுவே 1947 மார்ச்சில் குடியரசு தன் எழுத்துமுறையைச் சீர்திருத்தி, ஒல்லாந்த வழக்கப்படி ‘உ’ ஒலியை இரண்டு எழுத்தால் எழுதுவதை நிறுத்தி ஓரெழுத்தாக்கியது. பீரங்கி முழங்கும்போது எழுத்துக்கூட்டலைத் திருத்திய அரசாங்கத்தை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே.

இனி அமீர் என்ற பெயருடைய இருவரைச் சொல்லி நிறுத்துவோம். மகாநாட்டின் பொக்கிஷதாரராயிருந்த அமீர் ஷரிபுத்தீன் 1931-இல் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். ஜப்பானியர் அவருக்கு மரணதண்டனை விதிக்க, சுகர்ணோ, ஹத்தா ஆகியோர் பரிந்துபேசியதால் உயிர் பிழைத்தார். குடியரசில் மந்திரியாகி, 1947 ஜூலையிற் பிரதம மந்திரியுமானார். 1948-இல் பதவியிழந்து, மதியூன் நகரில் எழுந்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியிற் சேர்ந்தார். பிடிபட்டு, அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் நாள் இரவில், விசாரணையின்றி, வேறு பத்துப்பேரோடு குடியரசின் படையினராலேயே சுடப்பட்டார்.

மற்றவர் அமீர் ஹம்சா. கிழக்குச் சுமத்திராவின் லங்காட் சுல்தான் குடும்பத்தில் 1911-இற் பிறந்தவர். அப்பகுதியின் தோட்டங்களில் நம் தமிழ்க் கூலிகளும் வியர்வை சிந்தியுள்ளனர். அவர் ஜாவாவின் சோலோ நகரிற் கீழைநாட்டு இலக்கியம் கற்று, அங்கே ‘இளைய இந்தோனேசியா’ சங்கக் கிளைக்குத் தலைமை தாங்கினார். உடன்பயின்ற ஜாவானியப் பெண்ணொருத்தியிடம் அன்பும் கொண்டார். பகவத்கீதையை இந்தோனேசிய மொழியில் ஆக்கித் தம் இதழில் வெளியிட்டார். அரசியலில் ஈடுபட்டமையால் சுல்தான் அவரை ஊருக்கு அழைத்து 1937-இல் தம் மகளை மணம் முடித்து வைத்தார். அவ்வாண்டிலேயே அவருடைய ‘ஞாஞி சுன்யி’, தனிமைப் பாடல்கள், வெளிவந்தது. கடைத்தெரு மொழி என்று இகழப்பட்டதில் இறைவனை நோக்கி இத்துணை ஆழமாக முறையிட முடியுமா என்று படித்தோர் வியந்தனர். விடுதலை வந்ததும் அவர் குடியரசின் பிரதிநிதியாக லங்காட் பகுதிக்கு நியமனம் பெற்றார். ஆனால் 1946 மார்ச்சில், ஒல்லாந்தரோடு சேர்ந்தவரென்று சுல்தான் குடும்பத்தார் அனைவர்மேலும் இளைஞர் படைகள் பாய்ந்தபொழுது அவரும் பிடிபட்டார். அவரை விசாரித்தோர் அவர் வளர்த்த மொழியிலேயே விசாரித்திருப்பர். மார்ச் 20-ஆம் நாள் குவாலா பெகூமிட் தோட்டத்தில் அவர் கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. 1975-இல் அரசாங்கம் அவரைத் தேசீய வீரர் என்று அறிவித்தது. தஞ்சோங் பூராவில் உள்ள அசீசி பள்ளிவாசலின் பக்கத்தில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது.